கிளாக்கருக்குப் பிரசவ வலி

யாருக்குமே பயப்படாத மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் பயப்படுகிற மனிதனைத் தினமும் சவரம் செய்யும்போது பார்க்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. இலங்கையில் நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீஸில் நான் கிளாக்கர். அந்தப் பயமறியாதவர் ஹாலிஎலயில் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, கொழும்பு போனவர். லயத்து நோயாளி பதுளை ஆஸ்பத்திரி போய்ச்சேர எவ்வளவு நேரமாகிறது என்று ஆராய வந்திருந்தார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். பேரும் அதுவேயாயிற்று.

நோயாளியைக் கம்பளியில் போட்டுத் தடியில் கட்டித் தூக்குவதுதான் எங்கள் ஆம்புலன்ஸ். நேரத்தை அளந்து பார்க்கக் கனமான ஆள் வேண்டுமென்று என்னைப் படுக்கவைத்தார். வழுக்குப்பாறையில் முருகன் முதல் மாதா வரை எல்லோரையும் கூப்பிட்டேன்.

"நல்லாக் கத்துங்க கிளாக்கர்! நெசமான நோயாளியும் இப்பிடித்தான் கத்துவான்" என்றார், கூடவே ஓடியபடி.

ரோட்டுக்கு வர இரண்டு மணித்தியாலம். கொழுந்து லொறிக்கோ இருபது நிமிடம். நேரே தோட்டத்துரையின் பங்களாவுக்குப் போனார்.

"கொழுந்து வாடிரும்னு லொறி விடுறீங்க. மனுசன் வாடமாட்டானா சார்?"

"ஆபீஸ் சீட்டில்லாமல் லொறியில் ஆள் ஏறக்கூடாது" என்றார் துரை. "என்னைக் கேட்காமல் சீட்டு எழுதுகிறவனுக்கு மறுநாள் இங்கே வேலையில்லை." பார்வை, சீட்டு எழுதும் என்மேல்.

அடுத்த வாரம், கொழுந்து பறிக்கும் ராமாயிக்குப் பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறதென்று மருத்துவச்சி கைவிரித்தாள். துரை பண்டாரவளை போயிருந்தார். ஸ்டாப்வாட்ச் லொறியிலேறிக் கொழுந்துச் சாக்குகளைக் கீழே தள்ளி, அவளை ஏற்றினார்.

"சீட்டு இல்லாம எடுக்க ஏலாதுங்க" என்றான் டிரைவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனாவைப் பார்த்தேன். ஸ்டாப்வாட்ச் வாட்சை அமுக்கினார்.

"துரை வேலையை விட்டுத் தூக்கிருவாருங்க..." என்றேன்.

"கம்பளியில தூக்குனத விட அது சுகமாத்தான் இருக்கும். எழுதுங்கய்யா!"

எழுதினேன். லொறி பறந்தது.

மறுநாள் துரை சீட்டை விரித்தார். நோய்: பிரசவ வலி. நோயாளி: பதற்றத்தில் என் பெயரையே எழுதியிருந்தேன்.

"உனக்கு எத்தனாம் மாசம், கிளாக்கர்?"

ஸ்டாப்வாட்ச் முன்னால் வந்தார்.

"தாயும் புள்ளையும் சுகம் சார். இவர வேலைய விட்டு நிறுத்துறதுன்னா நிறுத்துங்க. ஏன் நிறுத்துனீங்கன்னு எழுத, கொழும்புக்குப் போற அறிக்கையில ஒரு பக்கம் காலியா வச்சிருக்கேன்."

துரை சீட்டைக் கசக்கி எறிந்தார். நான் பிழைத்தேன்.

ஊரைவிட்டுப் போகும்போது ஸ்டாப்வாட்ச் அறிக்கையின் பிரதியொன்று தந்தார். ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் காரணம் எழுதியிருந்தது; யாரையும் விட்டுவைக்கவில்லை. ராமாயி லொறியில் துடிக்க, நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்ற நான்கு நிமிடங்களைத் தேடினேன்.

அதற்கு நேரே எழுதியிருந்தார்: 'பாதை வழுக்கல்.'

அந்த மனிதர் எழுதிய ஒரே பொய். என் அலுமாரியில் இன்னும் பத்திரமாக இருக்கிறது.