விளக்கேற்றும் முன் சேவ் செய்யவும்

அடுத்தவருக்குத் தைரியம் சொல்வதைப் போலச் சுலபமான வேலை இந்த உலகத்தில் கிடையாது. வாய் இருந்தால் போதும். எனக்கு அது பிறந்ததிலிருந்தே கொஞ்சம் நீளம் (சந்தேகம் இருந்தால் என் அம்மாவைக் கேளுங்கள். அவர் பேசி முடிப்பதற்குள் இந்த வாய் எங்கிருந்து வந்தது என்பதும் புரிந்துவிடும்).

இந்த வாயை நம்பித்தான், தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர ஒப்புக்கொண்டேன். எனக்கு அப்போது நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராம் எங்கே, எப்போது, எப்படிச் சொதப்பும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் உத்தியோகம். வருவதை முன்னாலேயே யோசிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவள் நான். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு சிரிப்பதற்கு உதவும்.

கல்லூரியில் லேப் இருந்தது. நல்ல லேப். ஏசி, ஜன்னலுக்கெல்லாம் கனமான கறுப்புத் திரை, வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். ஆனால் அது கம்ப்யூட்டர் சயன்ஸ் படிப்பவர்களுக்கு மட்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் கணினி என்று ஒரு பாடம் உண்டுதான். அதை அவர்கள் நோட்டில் படித்தார்கள். மவுஸைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்தார்கள். கீபோர்டை ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டமாகப் போட்டார்கள். அதில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியிருந்த தேன்மொழி, அதுவரை ஒரு கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை.

"லேப் உள்ள போனதே இல்லையா நீ?" என்று கேட்டேன்.

"போயிருக்கேனே மேம். ஆயுத பூஜைக்கு. பொரி குடுத்தாங்க."

உண்மைதான். முதல் சனிக்கிழமை லேப்பைத் திறந்தபோது ஒவ்வொரு கம்ப்யூட்டரின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம் காய்ந்திருந்தது. பிள்ளைகள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குள் நுழைவதுபோல நுழைந்தார்கள். தேன்மொழி கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மவுஸை எடுத்து டிவி ரிமோட் மாதிரி திரையை நோக்கி நீட்டினாள். மேடவாக்கத்துப் பெண். போனில் அவள் கட்டைவிரல் ஓடுகிற வேகத்துக்கு என் கண் ஈடுகொடுக்காது. அப்பேர்ப்பட்டவள் இங்கே ஒவ்வொரு கிளிக்குக்கும் என் முகத்தைப் பார்த்தாள்.

"இத அமுக்கலாமா? ஏதாவது ஆயிட்டா?"

"எதுவும் ஆகாது. தைரியமா அமுக்கு. எதுவும் போகாது."

'எதுவும் போகாது.' இதுதான் என் மந்திரம். ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சில வாரங்களில் 'மேம்' போய் 'அக்கா' ஆனேன். அவர்கள் தட்டச்சு செய்தார்கள், மெயில் அனுப்பினார்கள், அட்டவணை போட்டார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. ஆபீஸ் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்களிடமெல்லாம் என் புகழை நானே பாடிக்கொண்டு போவேன் (இரண்டு பேர் இடம் மாற்றிக்கொண்டார்கள்).

ஒரே குறை, சனிக்கிழமை மட்டும் போதவில்லை. யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு வாரம் கழித்து வரும்போது பாதி மறந்திருக்கும். "தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் லேப் குடுத்தா போதும்கா, நாங்களே கத்துக்குவோம்" என்றாள் தேன்மொழி. சரி என்று கல்லூரிச் செயலாளரிடம் போய் நின்றேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை, எதையும் உடனே நம்பிவிடாத கண்.

"தமிழ் படிக்கிற பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார். பிறகு, "சரி, வர்ற சனிக்கிழமை நானே வந்து பாக்கறேன். நல்லா இருந்தா சாயங்காலம் லேப்பு அவங்களுக்கு. இல்லன்னா இத்தோட மூட்டை கட்டிடணும். சரியா?"

சரி என்றேன். வாய்தானே, அது எதற்கும் சரி என்று சொல்லும்.

இந்த இடத்தில் லேப் பொறுப்பாளர் ராஜேந்திரன் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். முதல் நாளே அவர் என்னிடம் சொல்லியிருந்தார்: "மேடம், இந்த சிஸ்டம்லாம் ஒரு தடவை ஆஃப் ஆயி ஆன் ஆச்சுன்னா, நாம அதுல வெச்சத பூரா மறந்துடும். வைரஸ் வரக்கூடாதுன்னு அப்படி செட் பண்ணியிருக்கு. வேணுங்கறத பென் டிரைவ்ல ஏத்திக்கணும்."

"தெரியும் சார்" என்று சிரித்தேன். எனக்கேவா என்று அர்த்தம் வருகிற ஒரு சிரிப்பு உண்டே, அது.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் பிள்ளைகளை வரவழைத்துவிட்டேன். பழைய பயிற்சிகளைக் காட்டினால் நானே செய்துகொடுத்ததாகச் செயலாளர் நினைத்துவிடுவார் என்று, அன்று காலையே புதிதாக ஆளுக்கொன்று செய்யச் சொன்னேன். தேன்மொழி தன் தெருவுக்குத் தண்ணீர் லாரி முறை அட்டவணை போட்டாள். யார் வீட்டுக் குடத்துக்கு முதல் முறை என்று லாரி வரும்போதெல்லாம் அவர்கள் தெருவில் குருக்ஷேத்திரம் நடக்குமாம். இன்றைக்கு முதலில் பிடித்தவர்கள் அடுத்த முறை கடைசி. அந்த வரிசை தானாகவே மாறிக்கொள்கிற மாதிரி செய்திருந்தாள். இரும்புலியூர் இப்ராஹிம் தன் அப்பாவின் தையல் கடைக்குப் படங்களோடு ஒரு விளம்பரம் செய்தான். எல்லாம் முடிந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அக்கா, பென் டிரைவ்ல ஏத்திடலாமா?" என்றாள் தேன்மொழி.

"எதுக்கு? டெஸ்க்டாப்புலயே இருக்கட்டும். அவர் வந்ததும் ஒரு தட்டு, திறந்துக்கும். இன்னும் இன்னா பயம் உனக்கு? எதுவும் போகாது."

(இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் இன்றும் என் குரலிலேயே சொல்லிக்காட்டுவார்கள்.)

நம் ஊரில் குத்துவிளக்கு ஏற்றாமல் எதுவும் தொடங்காது. ஆபீஸ் அறையிலிருந்து ஆளுயர விளக்கு ஒன்று வந்து சேர்ந்தது. "வராண்டாவுல வெச்சுக்கலாமே மேடம்" என்றார் ராஜேந்திரன் சார். "அங்க காத்தடிக்கும் சார்" என்று மறுத்து, லேப்புக்குள்ளேயே வைக்கச் சொன்னேன். எங்கே வைத்தேன் என்று கேட்கிறீர்களா? ஏசிக்கு நேர் கீழே.

செயலாளர் வந்தார். கூடவே சில பேராசிரியர்கள். மெழுகுவத்தியை வாங்கி முதல் திரியை ஏற்றினார். அணைந்தது. மறுபடி ஏற்றினார். அணைந்தது. மூன்றாவது முறை மெழுகுவத்தியே அணைந்தது. ஃபேனை நிறுத்தினார்கள். பிரயோஜனமில்லை. செயலாளர் அண்ணாந்து ஏசியைப் பார்த்தார், குனிந்து என்னைப் பார்த்தார்.

"யாராச்சும் அந்த ஏசிய நிறுத்துங்கம்மா."

யாராச்சும் என்றால் நான்தானே? ராஜேந்திரன் சார் வாயைத் திறப்பதற்குள் நான் மூலைக்கு ஓடிவிட்டேன். சுவரில் இரண்டு சுவிட்சுப் பெட்டிகள், இரட்டைப் பிள்ளைகள் போல ஒன்றாக இருந்தன. ஒன்று ஏசிக்கு. இன்னொன்று எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும். எது எது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவேனே! முதலில் கைக்கு எட்டியதன் கைப்பிடியை, இதுதான் என்று கீழே இழுத்தேன்.

லேப் முழுக்க இருட்டு. கறுப்புத் திரை போட்ட ஜன்னல், டியூப்லைட்டுகளையும் ஃபேனோடு சேர்த்து முன்பே அணைத்திருந்தார்கள். இவ்வளவு நேரம் வெளிச்சம் தந்தது கம்ப்யூட்டர் திரைகள்தான் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அதற்குள் யாரோ சரியான சுவிட்சைத் தேடி ஏசியையும் நிறுத்திவிட்டார்கள். செயலாளர் மறுபடி பற்றவைக்க, அந்தக் கும்மிருட்டில் ஐந்து திரிகளும் நின்று நிதானமாக எரிந்தன.

பலத்த கைதட்டல்.

"பிரமாதம்மா!" என்றார் செயலாளர். "இருட்ட வெச்சு விளக்கு! எத்தனையோ விழா பாத்திருக்கேன், இப்படி யாரும் யோசிச்சதில்ல."

நான் கைகூப்பினேன். வெட்கம் வேறு. பக்கத்தில் ராஜேந்திரன் சார் மட்டும் கைதட்டவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அவர் முகம் சாவு வீட்டுக்கு வந்தவர் முகம் மாதிரி இருந்தது. "மேடம்..." என்றார் மெதுவாக. "நீங்க நிறுத்துனது ஏசி இல்ல."

சுவிட்சை மேலே தள்ளினோம். கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக விழித்தன. எல்லாத் திரையும் பளிச்சென்று, துடைத்துவிட்ட சிலேட்டாக இருந்தது. டெஸ்க்டாப்பில் தண்ணீர் லாரி இல்லை, தையல் கடை இல்லை, ஒன்றுமே இல்லை. முதல் முறையாக என் வாய் வேலை நிறுத்தம் செய்தது. செயலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ம், காட்டுங்க" என்றார்.

தேன்மொழி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். "இன்னாக்கா ஆச்சு?"

"எல்லாம் போச்சு தேனு. காலைல இருந்து போட்டது பூரா. என்னாலதான். லேப்பும் போச்சு."

அவள் திரையைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அழுதிருப்பேன் (ஏற்கெனவே பாதி அழுதுகொண்டுதான் இருந்தேன்). அவள் துப்பட்டாவை இழுத்து முடிச்சுப்போட்டுக்கொண்டு சொன்னாள்:

"சிஸ்டம்தானேக்கா மறந்துச்சு? எனக்கு ஞாபகம் கீதுல்ல."

போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சும்மா இருக்கவில்லை. செயலாளரைத் திரும்பிப் பார்த்து, "சார், உங்க வூட்டாண்ட தண்ணி லாரி வருதா சார்?" என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவரிடம் போய் இப்படியா பேசுவது! ஆனால் அவர் முகம் மாறியது. அவரும் மேடவாக்கம்தான், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத் தலைவர். தண்ணீர் லாரி என்றதும் ஆண்டுக்கணக்கில் அடக்கிவைத்த துயரமெல்லாம் பீறிட்டது.

"அத ஏம்மா கேக்கற? ஏ பிளாக்காரன் எப்பவும் மொதல்ல புடிச்சுக்கறான். கேட்டா சண்டைக்கு வர்றான்."

"மொத்தம் எத்தினி பிளாக்கு சார்? பேர் சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். கட்டங்கள் வந்தன, கிழமைகள் வந்தன, முறை வந்த பிளாக்குக்குப் பச்சை நிறம் வந்தது. அவர் நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பேராசிரியர்களும் சூழ்ந்துகொண்டு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மற்ற பிள்ளைகளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்களாகவே திரும்பி உட்கார்ந்து ஆரம்பித்திருந்தார்கள். லேப் முழுக்கக் கீபோர்டுச் சத்தம்.

"எங்க பி பிளாக்க மேல போடும்மா" என்றார் செயலாளர், குரலைத் தாழ்த்தி.

"அப்படிலாம் போட முடியாது சார். கம்ப்யூட்டரு ஒத்துக்காது."

கம்ப்யூட்டர் தாராளமாக ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாதவள் அவள்தான். கீபோர்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அதே தேன்மொழி! அந்த நிமிஷம் அவளைப் பார்த்து எனக்கு வந்த மரியாதை, என் ஆபீஸில் எந்த மேனேஜரைப் பார்த்தும் வந்ததில்லை.

அட்டவணை முடிந்ததும் முதலில் கத்தியது செயலாளர்தான். "சேவ் பண்ணும்மா! மொதல்ல சேவ் பண்ணு!" ராஜேந்திரன் சார் பென் டிரைவை நீட்டினார், என்னைப் பார்த்துக்கொண்டே.

நன்றியுரை தேன்மொழி. பேசாமல் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். "காலைல நாங்க போட்டதெல்லாம் எங்க அக்கா விளக்கேத்துனதுல போயிடுச்சு. நீங்க பாத்தது பூரா இப்ப போட்டது. அதனால ஏதாவது தப்பு இருந்தா மன்னிச்சுக்கங்க" என்றாள். சிரிப்பில் லேப் அதிர்ந்தது. செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். மூட்டை கட்டவேண்டியதுதான் என்று நான் கைப்பையை எடுத்துவிட்டேன்.

"நெசமா சொல்றேன்" என்றார். "இந்த மேடம் போட்டுக் குடுத்தத பசங்க ஒப்பிப்பாங்கன்னு நெனச்சுதான் வந்தேன். காலைல போட்டத காட்டியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். திங்கக்கெழமையிலேர்ந்து சாயங்காலம் லேப்பு உங்களுது."

பிள்ளைகள் போட்ட கூச்சல் ஜிஎஸ்டி ரோடு வரை கேட்டிருக்கும். நான் அழுதேன். இந்த முறை முழுசாக.

அந்தத் திங்கட்கிழமையே ராஜேந்திரன் சார் சுவிட்சுப் பெட்டிக்கு மேல் ஒரு தாள் ஒட்டினார்: 'விளக்கேற்றும் முன் சேவ் செய்யவும்.' தட்டச்சு செய்தது தேன்மொழி. அந்தத் தாள் இப்போதும் இருக்கிறது. தேன்மொழியும் இருக்கிறாள், எம்.ஏ. படித்துக்கொண்டே சாயங்காலங்களில் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறாள். 'எதுவும் போகாது' என்று அவள் யாரிடமும் சொல்வதில்லையாம். "போனா போவட்டும், திரும்பப் போட்டுக்கலாம்" என்பதுதான் அவள் பாடம். என் மந்திரத்தைவிட நல்ல மந்திரம்.

என் கல்யாணத்துக்கு அந்த வகுப்பு மொத்தமும் வந்திருந்தது. மணமேடையில் குத்துவிளக்கை ஏற்ற நான் குனிந்ததும், பின்வரிசையிலிருந்து ஒரே குரலாக, "அக்கா, சேவ் பண்ணிட்டீங்களா?" என்றார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை விவரம் கேட்டார். அன்றோடு என் மானம் இரண்டு குடும்பங்களுக்கும் பொதுச்சொத்தாகிவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் கார்த்திகை என்றில்லை, சாதாரண வெள்ளிக்கிழமைக்கு நான் தீப்பெட்டியை எடுத்தாலும், உள்ளேயிருந்து என் கணவர் குரல் வரும்: "சேவ் பண்ணியாச்சா?" எனக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, போய் லேப்டாப்பில் சேவ் செய்துவிட்டு வந்துதான் ஏற்றுகிறேன்.