இருபது நிமிடத் தகப்பன்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, இனிமேல் நான் ஒரு தகப்பனாக நடந்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

மகள் வனிதா ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடப் பையைக் கழற்றும் முன்பே போனில் வீடியோ ஆப்பைத் திறந்துவிடுவாள். எங்கள் தேவர்சோலையில் மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்ளக்கூட சன்னலைப் பார்க்கமாட்டாள், போனைத்தான் பார்ப்பாள். அந்த ஆப்பில் மழை நிலவரம் சொல்பவன் நான்தான் என்பது வேறு விஷயம்.

ஆமாம், நானும் வீடியோ போடுகிறவன். தினமும் என் கடையைத் திறக்கும் முன் குடையோடு ரோட்டோரம் நின்று, "மழை பெய்கிறது மக்களே" என்பேன். வெளிநாட்டில் இருக்கும் கூடலூர்க்காரர்கள் உருகிப்போவார்கள். போன வாரம் எங்கள் வேலிக்கு அப்பால் இருக்கும் பலாமரத்தில் யானை பழம் பறித்ததைப் போட்டேன். நாடே பார்த்தது. என் மச்சான்கூடப் பார்த்தான். அந்த உற்சாகத்தில், ஞாயிறு மாலை ஆறு மணிக்கு யானையைப் பற்றி லைவில் பேசுவதாக அறிவித்துவிட்டேன்.

வீட்டில் இருப்பது ஒரே வைஃபை. மழை வந்தால் நொண்டும். வனிதா வீடியோ பார்க்கும்போது நான் லைவில் போனால், என் வாய் இன்றைக்கு அசையும், சத்தம் நாளைக்கு வரும். அதனால்தான் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய கவலை எனக்குத் திடீரென்று பிறந்தது.

"சுகுணா, அந்த ஆப்புல நேரக் கட்டுப்பாடு வந்திருக்குது. பதினாறு வயசுக்குக் கீழ இருக்கறவங்க, அப்பா அம்மா சொல்ற நேரந்தான் பார்க்க முடியும். வனிதாவுக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிசம் வைக்கப் போறேன். எல்லாம் அவ படிப்புக்காக."

ரீல்ஸ் போடுகிறவன், ஒரு ரீலும் விட்டேன்.

என் மனைவி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "நல்லதுங்க. வையுங்க."

"எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டியா?"

"எதுக்குங்க எதிர்க்கோணும்? கண்ணு கெட்டுப்போகுது. சோறு ஆறிப்போகுது. கூப்பிட்டாக் காதுல விழறதில்ல. அவளுக்கும் சேர்த்து வையுங்க."

அந்த 'உம்'மை நான் கவனித்திருக்க வேண்டும்.

வனிதா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ சமர்த்தாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கலெக்டர் கையெழுத்துப் போடுகிற தோரணையில் என் போனை எடுத்து, 'பெற்றோராகச் சேர' என்ற இடத்தை அழுத்தினேன். ஆப் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு எழுதிக் காட்டியது: 'உங்கள் வயது பதினான்கு. உங்கள் பெற்றோரை இணைக்கவும். அதுவரை லைவ் கிடையாது.'

"வனிதா, உன் போன்ல என்னமோ கோளாறு."

"அது உங்க போனுங்கப்பா."

நடந்தது இதுதான். கணக்குத் திறந்த அன்று பிறந்த வருடம் கேட்டது. திரையில் வந்த வருடச் சக்கரத்தை உருட்டினேன், உருட்டினேன், கட்டைவிரல் வலிக்கும் வரை உருட்டினேன். நான் பிறந்த வருடம் வெகு தூரத்தில் இருந்தது. போகிற வழியில் ஒரு வருடத்தில் இறங்கிக்கொண்டேன்.

"இப்ப என்ன பண்றது? ஆறு மணிக்கு லைவ்."

"பதறாதீங்க." சுகுணா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இப்பத்திக்கு என்னையப் பேரண்ட்டாப் போடுங்க. வயசைப் பொறவு திருத்திக்கலாம்."

"நீ எனக்கு அம்மாவா?"

"இத்தனை வருசமா வேற என்னவா இருந்தேனுங்க?"

வனிதா தன் போனையும் என் போனையும் சுகுணாவின் போனோடு இணைத்தாள். சுகுணா எதையோ அழுத்திவிட்டு, போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

ஆறு மணி. சமையலறை வாசற்படியில் குடையோடு நின்றேன். ஆட்கள் குவிந்தார்கள். துபாயிலிருந்து எங்கள் பக்கத்து ஊரான தேவாலாக்காரர் ஒருவர், "அண்ணே, யானை எங்கே?" என்று கேட்டார். வந்தவர்களுக்கெல்லாம் பேர் சொல்லி வணக்கம் வைத்து முடித்து, போன வாரக் கதையை ஆரம்பித்தேன். துதிக்கை வரைக்கும் வந்திருப்பேன். வேலிக்கு அப்பால் மூங்கில் முறிந்தது. பலாமரம் குலுங்கியது. கூப்பிட்டு வைத்தது போல அதே யானை.

என் நெஞ்சு தவில் வாசித்தது. பார்க்கிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. "மக்களே," என்று மெல்லிய குரலில் சொன்னேன், "இப்போது போனைத் திருப்புகிறேன்."

திருப்பினேன். திரை கறுத்தது. 'இன்றைய இருபது நிமிடம் முடிந்தது. நாளை வாருங்கள்.'

கட்டுப்பாட்டில் கட்டு யாருடையது, பாடு யாருடையது என்று அப்போதுதான் புரிந்தது.

கூடுதல் நேரம் கேட்டு அழுத்தினேன். உள்ளே ஃபிரிட்ஜ் மேல் மணி அடித்தது.

"சுகுணா, யானை வந்திருக்குது. அஞ்சே அஞ்சு நிமிசம் குடு."

"யானை வந்தா நீங்க ஊட்டுக்குள்ள வரோணும். வெளிய நின்னு வெளையாடக் கூடாது." மறுத்துவிட்டாள்.

"ரெண்டு நிமிசம். உன்னைக் கும்பிடறேன்."

"கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

வனிதா அன்று முழுக்க ஆப்பைத் தொட்டிருக்கவில்லை. அவளுடைய இருபது நிமிடம் அப்படியே இருந்தது. சன்னலில் நின்று எல்லாவற்றையும் எடுத்துப் போட்டாள். பலாப்பழம் தின்னும் யானை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கி, அடுப்படியைப் பார்த்துக் கும்பிடும் நான். இந்த முறை நிஜமாகவே நாடு பார்த்தது.

மறுநாள் கூடலூருக்கு பஸ் ஏறி, மொபைல் கடை வைத்திருக்கும் மலையாளத்துப் பையன் ஷிஜோவிடம் போனை நீட்டினேன். அவன் அந்த வீடியோவை ஏற்கெனவே பார்த்திருந்தான். சிரிப்பை மென்று விழுங்கினான்.

"சேட்டா, வயசை மாத்தணும்னா பேரண்ட் சம்மதிக்கணும். நாளைக்கு அவங்களக் கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு போனேன். சுகுணா முழு விவரத்தையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் தலையில் இருந்த மழைத்துளியை முந்தானையால் துடைத்துவிட்டு, ஷிஜோவிடம் சொன்னாள்:

"வயசு அப்படியே இருக்கட்டுங்க தம்பி, இருபது நிமிசத்தை மட்டும் பத்தாக்கிக் குடுங்க."