வெளிச்சுவருக்கு எந்தக் க்ரீம்?

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம், பெயின்ட் கடையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் குட்டியும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் மேற்கொண்டு எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு, அதையும் வீட்டுக்கு அனுப்பாமல் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புவானேன் என்று நீங்கள் நெற்றியைச் சுருக்குவது எனக்குத் தெரிகிறது. உங்கள் வீட்டுப் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுகிறது. நான் இங்கே தும்மினால் அங்கே சமையலறையிலிருந்து என் மகள் "அப்பா, சளியா?" என்கிறாள். இதுவோ ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டிய விஷயம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். விஷயம் என்னவென்றால், முகத்துக்குப் போடும் மாய்ஸ்சரைசர் க்ரீம்.

சிரிக்காதீர்கள் மாப்பிள்ளை, காரணத்தைக் கேளுங்கள். போன தடவை நீங்கள் கிளம்பிய காலையில் டிக்கியில் பெட்டியைத் திணிப்பதில் மும்முரமாக இருந்தீர்கள், அதனால் நடந்ததைக் கவனித்திருக்க மாட்டீர்கள். குட்டி அவள் பாட்டிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். மாடி வீட்டு அம்மாவுக்கு ஒன்று கொடுத்தாள். கார்க் கண்ணாடிக்குக்கூட ஒன்று கொடுத்தாள். அடுத்தது நான்தான் என்று குனிந்து கன்னத்தை நீட்டினால், உள்ளங்கையை என் மூக்கில் வைத்துத் தள்ளி, "வேணாம், தாத்தா குத்துது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன், ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. காலையில்தான் வழவழவென்று ஷேவ் செய்திருந்தேன், கன்னத்தில் ஒரு முள் கிடையாது. அப்படியானால் குத்தியது தோலாகத்தானே இருக்க வேண்டும்? கார் போனதும் கண்ணாடி முன்னால் நின்று, வாடிக்கையாளர் வீட்டுச் சுவரைப் பார்க்கிற கண்ணோடு என் முகத்தைப் பார்த்தேன். செதில் செதிலாக உரிந்து, மூக்கோரம் வெள்ளை பூத்து, நெற்றியில் மட்டும் எண்ணெய் வழிந்து, இந்த நிலைமையில் ஒரு சுவரை விட்டு வைத்திருக்கும் வீட்டுக்காரரை நானே திட்டியிருப்பேன். குழந்தை மேல் என்ன தப்பு? உப்புத்தாளுக்கு யார் முத்தம் கொடுப்பார்கள்?

இந்த மாதக் கடைசியில் நாலு நாள் வந்து இருந்துவிட்டு நீங்கள் புது வேலைக்குக் கடல் தாண்டிப் போகிறீர்கள். திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும் என்கிறீர்கள். அதற்குள் குட்டி முத்தம் கொடுக்கும் வயசையே தாண்டிவிடுவாள். எனக்கு இருப்பது அந்த நாலு நாள்தான். அதற்குள் இந்தச் சுவரைச் சரி செய்தாக வேண்டும் என்று முடிவெடுத்தேன். அங்கேதான் பிடித்தது சனி.

மருந்துக் கடைக்குப் போய், பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, முகத்துக்கு ஒரு க்ரீம் வேண்டும் என்றேன். அங்கிருந்த பெண், "யாருக்கு சார்?" என்றாள். வாய் கூசியது. "வீட்ல" என்று சொல்லிவிட்டேன். "ஸ்கின் எப்படி? ட்ரையா, ஆய்லியா, ரெண்டும் கலந்த மாதிரியா, சென்சிடிவா?" என்று அடுக்கினாள். உள்சுவரா வெளிச்சுவரா என்று கேட்டிருந்தால் பட்டென்று பதில் சொல்லியிருப்பேன். முழித்ததைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, எல்லாப் பெண்களும் வாங்குவது என்று ஒரு ரோஜா நிற டப்பாவைக் கொடுத்தாள். மறுநாள் குளித்ததும் அதைப் பூசிக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன். டர்பன்டைன் வாசனையும் எனாமல் வாசனையும் கூடிக் குடித்தனம் நடத்துகிற இடத்தில் திடீரென்று ரோஜாத் தோட்டம் மணந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒவ்வொருவரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள், யாரோ பெண்பிள்ளை வந்திருக்கிறாள் என்று. மத்தியானத்துக்குள் தும்மல் ஆரம்பித்தது, கன்னம் இரண்டும் தடித்துச் சிவந்தன. வீட்டுக்குப் போனால் உங்கள் அத்தை கதவைத் திறந்ததும் ஒரு தரம் மோந்து பார்த்தாள், "இன்னிக்கு யாரு கடைக்கு வந்தா?" என்றாள். இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் என்னைப் பார்த்து அவள் கேட்ட முதல் சந்தேகக் கேள்வி. உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் சோறு போகும். சோறுதான் முக்கியம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வாசனை ஆகவில்லை என்பது தெரிந்துவிட்டதால், அடுத்து வாசனையே இல்லாத, வறண்ட சருமத்துக்கு என்று எழுதியிருந்த ஒரு கெட்டி க்ரீம் வாங்கினேன். எங்கள் தொழிலில் முதல் கோட் காய்ந்ததும் இரண்டாவது கோட் கொடுத்தால்தான் வேலை நிலைக்கும். அதன்படி நெற்றி, மூக்கு, கன்னம், தாடை எதையும் விடாமல் இரண்டு கோட் கொடுத்தேன். அன்று பார்த்துக் கடையில் ஒயிட் சிமெண்ட் மூட்டை ஒன்று பிரிந்து கொட்டியது. கொட்டியதில் பாதி தரையில், மீதி என் முகத்தில். பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. உள்ளே வந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கி, "அப்புறமா வரேங்க" என்று போனவர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார். நாலைந்து நாள் கழித்து நெற்றி முழுக்கப் பரு. பருவ வயசில்கூட எனக்குப் பரு வந்ததில்லை மாப்பிள்ளை, கடன் பாக்கி மாதிரி இப்போது வந்து நிற்கிறது. வங்கிக்குப் போனால் பழக்கமான கேஷியர் அம்மா நெற்றியையே பார்த்துப் பேசுகிறார்.

அப்போதுதான் எனக்குச் சொந்தமாக ஒரு யோசனை உதித்தது. கலர் எது என்று முடிவாகாத வீட்டில் என்ன செய்வோம்? சுவரில் கட்டம் கட்டமாகச் சாம்பிள் அடித்து, வெயிலிலும் நிழலிலும் பார்த்து, அப்புறம் முடிவு செய்வோம். அதையே முகத்தில் செய்தேன். நெற்றிக்கு ஒரு க்ரீம், வலது கன்னத்துக்கு ஒன்று, இடது கன்னத்துக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று. எதற்கு எது என்பது மறக்காமலிருக்கக் கண்ணாடியிலேயே பென்சிலால் எழுதி வைத்தேன். ஒரு பக்கம் மினுங்கியது, ஒரு பக்கம் மங்கியது, ஒரு பக்கம் சிவந்தது. உங்கள் அத்தை காபியைக் கொண்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "என்னங்க, முகத்தை யாராவது பாகப்பிரிவினை பண்ணிட்டாங்களா?" என்றாள். எந்த க்ரீமால் சிவந்தது என்று கண்டுபிடிக்கலாம் என்றால், வேர்வையில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கழுத்துக்கு இறங்கிவிட்டன. அதற்குப் பிறகு அவளே என் கையைப் பிடித்துத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் அம்மா கெட்டிக்காரி. விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "முகத்தை எதால கழுவுவீங்க?" என்றார்.

"வீட்ல சோப்பு போடுவேங்க."

"கடையில?"

"கடையில பெயின்ட் தெறிச்சா தின்னர்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எத்தனை வருஷமா?"

"கடை ஆரம்பிச்சதிலேருந்து."

"கண்ணு நல்லாத் தெரியுதா?" என்று கேட்டுக் கண்ணையும் சேர்த்துப் பார்த்தார். எனக்குக் கோபம்தான். தின்னருக்குப் போகாத கறை உண்டா? ஆனால் அவர் பொறுமையாக விளக்கினார். என்னுடையது கலவைத் தோலாம், நெற்றியும் மூக்கும் எண்ணெய் வடிகிற இடம், கன்னம் வறண்ட இடம். நெற்றிக்குத் தண்ணீர் மாதிரி லேசானது போதும், கன்னத்துக்குக் கெட்டியானது, இரண்டிலும் வாசனை கூடாது. மேற்குச் சுவருக்கு ஒன்று, குளியலறைச் சுவருக்கு வேறொன்று என்று நான் ஊருக்கெல்லாம் சொல்கிற அதே நியாயம். என் முகத்துக்கு மட்டும் இது தோன்றாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. புது க்ரீம் எதையும் முதலில் முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவி, சில நாள் பார்த்து, ஒன்றும் ஆகாவிட்டால்தான் முகத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதுவும் ஒரே சமயத்தில் நாலு அல்ல, ஒன்றுதான் என்றார். வெயிலில் போகும்போது மேலே இன்னொரு க்ரீம். அதை நான் டாப் கோட் என்று புரிந்துகொண்டேன். இதுவரைக்கும் எல்லாம் சரி. கடைசியாகத்தான் ஒன்று சொன்னார்: "முகம் கழுவினதும் ஈரம் காயறதுக்குள்ள தடவிடணும்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேனே தவிர, மனசு கேட்கவில்லை. ஈரச் சுவரில் பெயின்ட் அடிக்காதே என்பதுதான் நான் தொழிலில் கற்ற முதல் பாடம். அடித்தால் குமிழ் விடும், அடுத்த மழைக்கு உரிந்து விழும். இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன்! படித்த டாக்டர் ஏதோ வாய் தவறிச் சொல்லியிருப்பார் என்று நானே திருத்திக்கொண்டேன். தினமும் முகத்தைக் கழுவி, துண்டால் அழுத்தித் துடைத்து, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நன்றாகக் காய விட்டு, புறங்கையால் தொட்டுப் பார்த்து, சுத்தமாக ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகே க்ரீம் போட்டேன். தோல் இன்னும் மோசமாக வெடித்தது. நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. ஒரு நாள் உங்கள் அத்தை பார்த்துவிட்டாள்.

"ஃபேனுக்கு அடியில என்ன பண்றீங்க?"

"காய விடறேன்."

"டாக்டரம்மா ஈரத்துலயே தடவச் சொன்னாங்களே?"

"அவங்களுக்குப் பெயின்ட் பத்தி என்ன தெரியும்?"

"இது முகங்க!" என்றாள்.

அவளே என்னை வாஷ்பேசின் முன்னால் நிறுத்தி, கழுவச் சொல்லி, துண்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்டத் தடவ வைத்தாள். ஆயுசு முழுக்கக் கட்டிக் காத்த கொள்கை தாடை வழியாகச் சொட்டிப் போனது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த வாரமே செதில் அடங்கியது. நேற்று உங்கள் அத்தை என் கன்னத்தை இப்படியும் அப்படியும் தொட்டுப் பார்த்து, "பரவாயில்லையே" என்றாள். அவள் என் கன்னத்தைத் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கு ஞாபகம் இல்லை. மனசு நிறைந்திருந்தது. கடைக்குக் கொஞ்சம் லேட்டாகத்தான் போனேன்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வந்து இறங்கியதும் குட்டியை முதலில் என்னிடம் கொடுங்கள். உங்கள் அத்தை முந்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. என் மகளுக்கு இதில் ஒரு எழுத்தும் தெரிய வேண்டாம், தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பாள். நீங்களும் முகத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் மூக்கோரம் லேசாக வெள்ளை பூக்க ஆரம்பித்திருப்பதைப் போன தடவையே கவனித்தேன், மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். சம்பந்தி இருவருக்கும் எங்கள் வணக்கம். போகிற இடத்தில் உங்கள் மூவருக்கும் வேலையும் உடம்பும் மனசும் நன்றாக அமைய வேண்டும் என்று நாங்கள் இருவரும் நினைக்காத நாளில்லை.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் சமயத்தில் என் மகளிடமிருந்து போன் வந்தது. குட்டி போனைப் பிடுங்கிக்கொண்டாள். என்னால் அடக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

"குட்டி, தாத்தா கன்னம் இப்ப பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. வந்ததும் முத்தம் குடுப்பியா?"

"மீசை இருக்கா?"

"இருக்கே!"

"அப்ப வேணாம். மீசைதான் குத்துது."

அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் என் மகள் சிரிக்கிறாள், இந்தப் பக்கம் உங்கள் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அவளைக் கேட்டேன். "எல்லாருக்கும் தெரியும்" என்றாள். "பின்ன ஏன் சொல்லலை?" என்றால், "தின்னரை விட்டுட்டு ஒழுங்கா முகம் கழுவ ஆரம்பிச்சீங்க, அதைக் கெடுப்பானேன்னுதான்" என்கிறாள். ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வைத்திருந்த மீசை. நேற்றே சலூனுக்குப் போய் எடுத்துவிட்டேன். அடியில் இருக்கும் தோல் வெயிலையே பார்க்காதது, வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிறது. அதற்கு எந்தக் க்ரீம் என்று டாக்டர் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். அது இருக்கட்டும். இன்று காலையில் கடைக்கு வந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் என்னிடமே, "முதலாளி இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. இத்துடன் ஒரு புதுப் போட்டோ வைத்திருக்கிறேன். வருகிற வரைக்கும் தினமும் ஒரு தரம் குட்டியிடம் காட்டி, இதுதான் தாத்தா என்று சொல்லி வையுங்கள்.