கடைவாய்ப் பல்லும் ஏழு ஊசியும்

"பல்லைக் காட்டுங்க" என்றார் நெஞ்சு டாக்டர்.

மைக்காரர் விழித்தார். பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் செய்கிற வேலை என்பதால் அவருக்கு அந்தப் பெயர். மேலதிகாரிகள் பலரிடம் பல்லைக் காட்டிப் பழகியவர்தான். ஆனால் இரைப்புக்கு மருந்து வாங்க வந்த இடத்திலுமா?

"கோளாறு நெஞ்சுல டாக்டர்." ஒரு மூச்சு வாங்கிக்கொண்டார். "பல்லுல ஒண்ணும் இல்ல."

"காட்டுங்க."

காட்டினார். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. நாக்கில் சுண்ணாம்பு அடித்தாற்போல வெள்ளை.

"இன்ஹேலர் உறிஞ்சினதும் வாயைக் கொப்பளிக்கச் சொன்னேனே?"

"கொப்பளிச்சா மருந்து வீணாப் போயிடுமேன்னு..."

டாக்டர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"வாய்க்கும் நுரையீரலுக்கும் நடுவுல கதவா போட்டிருக்கு? ஈறுல குடியிருக்கிற கிருமி எச்சிலோட உள்ள இறங்கும். உங்க நுரையீரல் சிகரெட்டால ஏற்கெனவே நைஞ்சு கிடக்கு. இந்த வருஷம் மட்டும் மூணு தடவை சளி கட்டிப் படுத்துட்டீங்க. நாலாவது தடவை எழுந்திருப்பீங்கன்னு என்னால உத்தரவாதம் தர முடியாது. முதல்ல பல் டாக்டரைப் பாருங்க." சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்தார். "அடுத்த வாரம் வந்து அங்க என்னென்ன பண்ணாங்கன்னு ஒண்ணு விடாம சொல்லணும்."

பல் மருத்துவமனை ஒரு மாடியில் இருந்தது. ஆறு படி ஏறினார் மைக்காரர். மேலேயிருந்து 'கொய்ங்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவர் இறங்கிய வேகத்தை மட்டும் நெஞ்சு டாக்டர் பார்த்திருந்தால், இரைப்பு பூரண குணம் என்று அங்கேயே எழுதிக் கொடுத்திருப்பார்.

வீட்டில் மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "போனீங்களா?"

"போனேன்." இதில் பொய் ஏதும் இல்லை.

"என்ன பண்ணாங்க?"

சுத்தம் செய்தார்கள் என்றால் திறந்து காட்டச் சொல்வாள். மறுபடி வரச் சொன்னார்கள் என்றால் கூடவே கிளம்புவாள். மைக்காரருக்குச் சட்டென்று ஒரு யோசனை உதித்தது.

"கடைவாய்ப் பல்லை எடுத்துட்டாங்க. வாயைத் திறக்கக் கூடாதாம்."

சொன்னதோடு நிற்காமல் குளியலறைக்குள் போய் ஒரு கைப்பிடிப் பஞ்சைக் கன்னத்துக்குள் திணித்துக்கொண்டும் வந்தார். கன்னம் நன்றாகவே வீங்கியது.

மனைவி உருகிப்போனாள். அன்றிலிருந்து எல்லாச் சாப்பாடும் மிக்ஸியில் அரைபட்டு, ஒரே நிறத்தில், டம்ளரில் வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். இரவு இன்ஹேலரை உறிஞ்சிவிட்டு, டாக்டர் திட்டினாரே என்று கொப்பளிக்கப் போனபோதுதான் வினை வந்தது.

"ஐயோ! கொப்பளிக்காதீங்க! பல்லு எடுத்த இடம் பிச்சுக்கும். எங்க அக்காவுக்கு அப்படித்தான் ஆச்சு." டம்ளரைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பிரஷ்ஷும் பீரோவுக்குள் போய்விட்டது.

அலுவலகத்தில் இன்னொரு கூத்து. ஆறு வருஷமாகவே அவருடைய அறிவிப்பு தவணை முறையில்தான் வரும். பாதி வாக்கியம், ஒரு மூச்சு, மீதி வாக்கியம். பயணிகளும் பொறுமையாகக் காத்திருந்து கேட்கப் பழகியிருந்தார்கள். இப்போது பஞ்சும் சேர்ந்துகொண்டது. "மூன்றாம் மேடை" என்று அவர் சொன்னது ஒலிபெருக்கியில் "ஊன்றாம் மேடை" என்று வந்தது. ஜனம் அதை ஒன்றாம் மேடை என்று எடுத்துக்கொண்டு ஓடியது. பந்தயத்துக்குப் புறப்பட்ட ஒரு கால்பந்து அணி மொத்தமாக வேறு பேருந்தில் ஏறி, நாற்பது நிமிஷம் எதிர்த்திசையில் போனது.

டைம் கீப்பர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "வாயில என்னய்யா வச்சிருக்க?"

"பல்லு எழுத்தாச்சு."

"அடப் பாவமே!" டைம் கீப்பர் இளகிய மனசுக்காரர். "ஒரு வாரம் லீவு போட்டுட்டுப் போ. மேலதிகாரி ஏதாவது கேட்டா மூச்சு விடாதே."

"அது ஒண்ணுதான் எனக்கு இப்ப நல்லா வருது."

லீவு வந்ததில் கேன்டீனும் போயிற்று. டம்ளர் சாப்பாடு மூன்று வேளையும் ஆனது. நாக்கு முழுக்க வெள்ளை பூத்து, விழுங்கினாலே எரிந்தது. இருமலில் வரும் சளி மஞ்சளானது.

குறித்த நாளில் நெஞ்சு டாக்டரிடம் போனார். பஞ்சோடுதான் போனார்.

"பல்லை எடுத்தாச்சா!" டாக்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஸ்டெதாஸ்கோப்பை மறந்துவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எந்தப் பக்கம்? வலிச்சுதா?"

இப்படி ஒரு கவலையோடு யாரும் மைக்காரரிடம் எதையும் கேட்டதில்லை. சாதாரண வலி என்று சொல்லி அவரை ஏமாற்ற மனம் வரவில்லை.

"உயிர் போயிடுச்சு டாக்டர்."

"ஊசி எத்தனை?"

"ஏழு."

"ஏழா!"

"ஆறு உள்ள. ஒண்ணு வெளிய. ரெண்டு பேர் தோளை அமுக்கிப் பிடிச்சாங்க. இழுத்தப்போ மரம் முறியற மாதிரி ஒரு சத்தம்."

டாக்டர் மேஜை மேலிருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். "வாயைத் திறந்து... வேண்டாம், வேண்டாம், திறக்காதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவசர அவசரமாக மாத்திரை எழுதிக் கொடுத்தார். நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தார் மைக்காரர்.

மறுநாள் காலை கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடக்க மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. நெஞ்சுக்குள் யாரோ பழைய கதவைத் திறந்து மூடுவது போலக் கீச்சுக் கீச்சு என்றது. மனைவி தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"கிளம்புங்க. பல்லு எடுத்தேன்னு சொல்லி மனுஷனைக் குத்துயிராக்கி அனுப்பியிருக்காங்க அந்தப் பல் டாக்டர். நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்."

"வேண்டாம்மா..."

"நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

அதே மாடிப்படி. அதே ஆறாவது படியில் அவருக்கு மூச்சு நின்று நின்று வந்தது. மனைவி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள், தனக்குள் பேசுகிற மாதிரி. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மைக்காரருக்கு முதல் தடவையாகத் தோன்றியது. சொல்ல மூச்சு இல்லை.

உள்ளே, பல் டாக்டர் முப்பது வயதுப் பெண். மனைவி கேட்கத் தொடங்கிய நாலு வார்த்தை நாற்பதைத் தாண்டியது. அந்தப் பெண் அத்தனையையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"இவரை நான் இன்னிக்குத்தான்மா பார்க்கறேன்."

மைக்காரரின் வாயைத் திறந்து, பஞ்சை இடுக்கியால் வெளியே எடுத்தாள். எண்ணினாள். "எல்லாப் பல்லும் இருக்கே. ஒண்ணுகூடப் போகல."

மனைவி பஞ்சையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். "ஒரு வாரமா உங்களுக்கு அரைச்சு அரைச்சு என் மிக்ஸியே தேஞ்சு போச்சு" என்றாள். கோபத்தில் சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் அழுதுவிட்டாள்.

மைக்காரரைப் படுக்க வைத்தால் மூச்சு முட்டும் என்று அந்தப் பெண் நாற்காலியை நிமிர்த்தியே வைத்து வேலை செய்தாள். அவர் மூச்சு வாங்கிக்கொள்ள நடுநடுவே நிறுத்தினாள். ஊசி ஒன்றுகூட இல்லை. 'கொய்ங்' என்ற சத்தம் கிட்டத்தில் கேட்டபோது பல்லைக் கூசச் செய்ததே தவிர, வேறொன்றும் இல்லை. அரை மணி நேரத்தில் ஈறு சுத்தமானது. நாக்கின் வெள்ளைக்கு மருந்து, சளிக்கு நெஞ்சு டாக்டரை இன்றே பார்க்கச் சொல்லிக் குறிப்பு, ஒவ்வொரு தடவை உறிஞ்சின பிறகும் கட்டாயம் கொப்பளிப்பு.

"இதுக்கா பயந்தேன்?" என்றார் மைக்காரர். ஒரு வாரத்துக்குப் பிறகு வாய் நிறையப் பேசிய முதல் வாக்கியம்.

வெளியே வரவேற்பு மேஜையில் இருந்த பெண் அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டிருந்தாள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த நெஞ்சு டாக்டர்தான் தெய்வம். எவ்வளவு அக்கறையா இங்க அனுப்பினார்! அனுப்பினதோட விடாம, வலிச்சுதா, எப்படி இருந்துச்சுன்னு பக்கத்துல உக்காந்து கேட்டாராம்."

வரவேற்புப் பெண் பேனாவை நிறுத்தாமலே சொன்னாள்: "அவருக்கே கடைவாய்ப் பல்லு எட்டு மாசமா சொத்தைம்மா, எங்ககிட்ட வரப் பயந்துக்கிட்டு இங்க அனுப்பற பேஷன்ட்டையெல்லாம் வலிச்சுதான்னு விசாரிச்சுக்கிட்டே இருந்தார், ஒருவழியா நேத்து சாயங்காலம் வர்றேன்னு இருந்தவரு, யாரோ ஒரு புண்ணியவான் ஏழு ஊசின்னு சொல்லிட்டாராம், மறுபடியும் கேன்சல் பண்ணிட்டார்!"