மூன்றாவது ரேடியோ

என்னிடம் இரண்டு சிற்றலை ரேடியோக்கள், ஒன்று பழசு, ஒன்று புதுசு. அவற்றுக்கென்று ஓர் அறை. ஜன்னல் கம்பி, கட்டில் கால், துணிக் கொடி எல்லாவற்றிலும் ஏரியல் வயர். அந்த அறையைக் காலி செய்யச் சொல்லி மனைவி நச்சரித்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்பதையும் சொன்னாள். அது என் காதில் ஏறவில்லை.

"ஒண்ணையாவது வெளிய அனுப்புங்க."

"எதை அனுப்பறது? பில்டர் எதுல நல்லா இருக்குன்னு பார்க்க வேண்டாமா?"

"பில்டர்னா?"

"நமக்கு வேணுங்கறதை மட்டும் விட்டுட்டு, மத்த இரைச்சலை வெட்டிடும்."

"அது உங்க காதுக்குள்ளயே இருக்கே!"

நான் அசரவில்லை. "என் கண்ணைக் கட்டிடு. ரெண்டையும் மாத்தி மாத்திப் போடு. எது ஜெயிக்குதோ அது மட்டும் இருக்கட்டும்."

"பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மாவையும் கூப்பிடறேன். அவங்ககிட்டயும் ஒரு ரேடியோ இருக்கு. சாட்சிக்கும் ஆச்சு."

இவ்வளவு சீக்கிரம் அவள் ஒத்துக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டாக்டரம்மா வந்ததும் மனைவி துண்டால் என் கண்ணைக் கட்டினாள். சரசரவென்று இரைச்சல். நடுவே ஒரு பெண் குரல், செய்தி வாசித்தது.

"பழைய பெட்டி!" என்றேன். "குடத்துக்குள்ள தலையை விட்டுக் கத்தற மாதிரி இருக்கு. சகிக்கல."

யாரோ இருமினார்கள். அடுத்தது வந்தது.

"இது புதுசு. பில்டரை ரொம்ப இறுக்கிட்ட. வாயில துணியை அடைச்ச மாதிரி இருக்கு. இதையும் கேக்க முடியாது."

மூன்றாவது வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "ஆஹா! இது டாக்டரம்மாவோடது! இரைச்சலே இல்லை. பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு. தேன்! இதுக்குத்தான் என் ஓட்டு."

"அப்ப இதுக்கே சரின்னு வெச்சுக்கலாமா?" என்றாள் மனைவி.

"நூறு தடவை சரி!"

"என்ன செய்தி சொன்னாங்க, கேட்டீங்களா?"

"செய்தியை யாரு கேட்டா? நான் கேக்கறது ஒலியை."

துண்டை அவிழ்த்தாள். ஒரு ரேடியோவும் ஓடவில்லை. மனைவி கையில் குடம், தோளில் துணி. டாக்டரம்மா பாலிதீன் பையைக் கசக்கிச் சரசரவென்று காட்டினார்.

"மறுபடியும் சொல்றேன். இப்பவாவது கேளுங்க," என்றாள் மனைவி. செய்திக் குரலில் ஆரம்பித்தாள். "உள் அறை இன்று முதல் படிப்பறை ஆகிறது. பதவி உயர்வுத் தேர்வு எழுதும் மனைவிக்காக ரேடியோக்கள் பரணுக்குப் போகின்றன. கணவர் முழுச் சம்மதம் தெரிவித்தார்."

மூன்று தடவையும் இதே செய்திதானாம். எனக்கு முகம் கொதித்தது. அறை போனது கூடப் பெரிதில்லை. அவள் தேர்வு எழுதப் போகிறாள் என்பதே எனக்குத் தெரியாது. தினமும் கேட்கும் குரலும் தெரியவில்லை. அதுவும் அடுத்த வீட்டார் முன்னால். துண்டை மறுபடியும் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எத்தனை மாசமா சொல்லிட்டிருக்கேன்?" இப்போது அவள் சிரிக்கவில்லை.

"தப்புதாம்மா," என்றேன். வயர்களைச் சுருட்டினேன். இரண்டு பெட்டிகளையும் பரணில் ஏற்றினேன். இறங்கி வந்ததும், போன மானத்தில் கொஞ்சமாவது மீட்கலாமே என்று ஆசை.

"ஒண்ணு மட்டும் கவனிச்சியா? மூணாவது தடவை பேசினியே, அந்தக் குரலைத் தேன்னு சொன்னேன். உன் குரலோட அருமை என் காதுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு!"

மனைவி குடத்தைக் கீழே வைத்தாள்.

"முதல் ரெண்டுதாங்க நான். மூணாவது டாக்டரம்மா."