ஹாரன் அக்காவும் நீலப் புள்ளியும்

பினாங்குத் தீவில் ஓடுகிற அத்தனை லாரி, பஸ், காரின் ஹாரனையும் ஒரே நேரத்தில் அழுத்தினாலும் எங்கள் ஹாரன் அக்காவின் தொண்டைக்கு ஈடாகாது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். வேனின் உண்மையான ஹாரன் எந்தக் காலத்திலோ செத்துப் போய்விட்டது. "அத எதுக்கு ரிப்பேர் பண்ணணும்? எனக்கு வாய் இல்லியா?" என்று அப்படியே விட்டுவிட்டார். விடிந்தும் விடியாமலும் ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே வேனை நிறுத்துவார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பாம்! பாம்! யாழினி! பாம்!" என்று ஒரு சத்தம். ஒன்பதாவது மாடியில் இருக்கும் என் மகள் சடையைப் பாதியில் பிடித்துக்கொண்டு லிப்டுக்கு ஓடுவாள். எதிர் பிளாட்டில் நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் படுத்தவர் எழுந்து உட்காருவார். அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும்தான். எங்கள் வட்டாரத்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை.

யாழினி ஆறாம் ஆண்டுக்குப் போனபோதுதான் அவளுக்குப் போன் வாங்கிக் கொடுப்பது என்ற பெரிய தேசியப் பிரச்சினை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. எனக்கு பட்டர்வொர்த்தில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை. என் கணவருக்கு புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை. காலையில் இரண்டு பேரும் ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய்விடுவோம். பிள்ளை மட்டும் தீவில். நடுவே இருப்பது சின்னக் கடல்தான், ஒரு கோப்பித் தண்ணி குடித்து முடிப்பதற்குள் தாண்டிவிடலாம். ஆனாலும் நான் அந்தப் பக்கம் இருக்கும்போது இவளுக்கு ஒன்று என்றால் யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பு என்னை ஒருநாளும் நிம்மதியாக வேலை செய்ய விட்டதில்லை.

கடையில் மூன்று பேரும் மூன்று திசையில் நின்றோம். யாழினிக்கு மூன்று கேமரா இருக்கிற போன் வேண்டும். என் கணவருக்கு ஒரு வாரம் சார்ஜ் நிற்கிற போன் வேண்டும். எனக்கு, கூப்பிட்டால் எடுக்கவும் கூப்பிடவும் தவிர வேறு எதுவும் செய்யத் தெரியாத போன் வேண்டும். கடைக்காரப் பெண் பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்துக் காட்டிவிட்டுக் கடைசியில், "அக்கா, நீங்க வீட்டுக்குப் போயி பேசி முடிவு பண்ணிட்டு வாங்களேன் லா" என்று கும்பிட்டாள். ஒருவழியாக எங்களில் ஒருவருக்கும் பிடிக்காத ஒரு போனை வாங்கினோம். அதனால் வீட்டில் சமாதானம் நிலவியது.

பள்ளியில் போன் கொண்டுபோகக் கூடாது. அதற்கு வேன் பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் இறங்கும்போது போனை ஹாரன் அக்காவிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மதியம் ஏறும்போது வாங்கிக்கொள்ளலாம். முதல் நாள் யாழினியோடு நானும் கீழே போனேன், புதுப் போனை முறைப்படி ஒப்படைக்க.

அக்கா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அழகா இருக்கு" என்றார். பிறகு வேன் சாவியை எடுத்து, போனின் முதுகில் நிதானமாக ஒரு கோடு இழுத்தார். யாழினி வீறிட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா! என்னாக்கா பண்றீங்க? புதுப் போனுக்கா இது!"

"அதனாலதான் மாலா. புதுப் போன் வச்சிருக்கிற பிள்ளை ரோட்டப் பாக்காது, போனத்தான் பாக்கும். கீழ விழுந்துருமோ, கீறல் விழுந்துருமோன்னு அதையே கட்டிப் புடிச்சிக்கிட்டு நடக்கும். இப்ப கீறல் விழுந்தாச்சா? முடிஞ்சிச்சு கதை. இனிமே ரெண்டு பக்கமும் பாத்து ரோட்டத் தாண்டும்."

வேனில் இருந்த மற்றப் பிள்ளைகள் தங்கள் போன்களைத் திருப்பிக் காட்டின. எல்லாவற்றிலும் ஒரு கோடு. யாழினி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அந்தப் போனைச் சோபாவில் தூக்கிப் போட்டுவிட்டு விளையாடப் போனாள். நான் அக்காவிடம் கோபத்தைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று தெரியாமல் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

போன்களை அவர் வைத்திருந்த விதம் தனிக் கதை. ஆளுக்கொரு காலுறை. சிவப்பு, பச்சை, கோடு போட்டது என்று ஒவ்வொரு போனும் அதனதன் காலுறைக்குள். எல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில். வெயில் அடித்தால் டின்னுக்கு மேல் ஈரத் துண்டு. வேன் ஓடும்போது டின்னுக்கு சீட் பெல்ட். போனைச் சத்தம் வராமல் அமுக்கி வைப்பது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. "சத்தம் வராத பிள்ளைதான் ஆபத்து" என்பார். அதனால் டின் நாள் முழுக்கப் பாடிக்கொண்டே இருக்கும். அக்கா ஒன்று விடாமல் எடுத்துப் பேசுவார்.

"ஹலோ! பிள்ளை கிளாஸ்ல இருக்கு. நான் வேன். என்னா விஷயம்?"

ஒருமுறை யாழினி போனுக்கு ஒரு மோசடிக்காரன் கூப்பிட்டிருக்கிறான். நீதிமன்றத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் பெயரில் கேஸ் இருக்கிறது, உடனே பணம் கட்டாவிட்டால் போலீஸ் வரும் என்று மிரட்டியிருக்கிறான். "வரட்டும் தம்பி, போன் வச்சிருக்கிறது ஆறாம் ஆண்டு படிக்குது. மதியானம் வரச் சொல்லு, காலையில கணக்குப் பாடம் இருக்கு" என்றாராம் அக்கா. பிறகு அவன் எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா, இந்த வேலை செய்வது அம்மாவுக்குத் தெரியுமா என்று விசாரித்துக்கொண்டே போக, அவனாகவே போனை வைத்துவிட்டான். அக்காவுக்கு அதில் வருத்தம். "பாவம், சாப்பிட்டானான்னு கேக்க மறந்துட்டேன்" என்றார்.

இந்த நிலையில்தான் நான் யாழினியின் போனில், அவள் எங்கே இருக்கிறாள் என்று காட்டும் வசதியைப் போட்டு வைத்தேன். என் போனில் வரைபடம் திறந்தால் ஒரு நீலப் புள்ளி. அது என் பிள்ளை. மறுநாள் பத்து மணி வாக்கில் ஆபீஸில் ஆசையாகத் திறந்து பார்த்தேன். பள்ளியில் இருக்க வேண்டிய என் பிள்ளை, பாடாங் கோத்தாவில், கடலோரத்தில் நின்றாள்.

போனைத்தான் தினமும் அக்காவிடம் கொடுக்கிறாளே என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் மூளை லீவு எடுத்துக்கொண்டது. கைப்பையைக்கூட எடுக்காமல் ஓடி ஃபெரியில் ஏறினேன். தீவு போய்ச் சேர்வதற்குள் எத்தனையோ கடத்தல்காரர்களின் முகத்தைக் கற்பனை செய்து பார்த்துவிட்டேன். இறங்கி ஓடினால், கடற்கரை மரத்தடியில் எங்கள் வேன். ஜன்னல் எல்லாம் திறந்திருக்க, ஸ்டியரிங் மேல் காலைப் போட்டு, மடியில் பிஸ்கட் டின்னோடு ஹாரன் அக்கா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"என் பிள்ளை எங்கக்கா!"

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "பிள்ளை ஸ்கூல்ல. போன் இங்க. நீ எதப் பெத்த மாலா? போனையா, பிள்ளையையா?"

விஷயம் புரிந்ததும் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ எழுந்து உட்கார்ந்து, என் போனில் அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்தார். "அப்ப, நான் எங்க போனாலும் உனக்குத் தெரியும்?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "பசாருக்குப் போனா?" தெரியும். "அலாமா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

அன்றிலிருந்து அது அவருக்கு விளையாட்டாகிவிட்டது. சாயங்காலம் போன் வரும்.

"சொல்லு, இன்னைக்கு நான் எங்க இருந்தேன்?"

"காலைல பசார். அப்புறம் குயின் ஸ்திரீட் கோயில்."

"கரெக்ட்! டின்ல இருக்கிற உன் பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போயி, பேர் சொல்லி அர்ச்சனை பண்ணிட்டேன். அப்புறம்?"

"நாசி கண்டார் சோத்துக் கடைல ரொம்ப நேரம்."

"அத மட்டும் யார்கிட்டயும் சொல்லிராத லா. சுகர் இருக்குன்னு டாக்டர் ஏசுவாரு."

முதலில் சிரிப்பாக இருந்தது. போகப் போகத்தான் எனக்கு உறைத்தது. கணவர் இறந்து வெகுகாலம். பிள்ளைகள் இல்லை. நாள் முழுக்க எங்கே போனாய், என்ன சாப்பிட்டாய் என்று கேட்க அவருக்கு வீட்டில் ஆள் கிடையாது. என் பிள்ளைக்காகப் போட்ட புள்ளி அவரைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நானும் ஆபீஸில் ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே அதைத் திறந்து பார்க்கப் பழகிவிட்டேன். பள்ளி நேரத்தில் அதில் என் மகள் இல்லை என்று தெரிந்தும் பார்ப்பேன்.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. பள்ளி விடுகிற நேரம். பிள்ளைகள் வெயிலில் நிற்கக் கூடாது என்று எப்போதும் முன்கூட்டியே போய் வாசலில் நிற்பவர் அக்கா. அன்று புள்ளி பாடாங் கோத்தாவை விட்டு நகரவே இல்லை. அக்கா போனுக்கு அடித்தேன், பிறகு யாழினி போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஹாரன் அக்கா எடுக்காத போன் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. முதல் தடவை பயந்தது வீண் பயம். இது அப்படியில்லை என்று மனசு சொன்னது.

பள்ளிக்கு அடித்து, வேன் பிள்ளைகளை உள்ளேயே உட்கார வைக்கச் சொன்னேன். அக்கரையில் மாட்டிக்கொண்டு இருக்கிறவள் வேறு என்ன செய்வது? வேன் பெற்றோர் குரூப் ஒன்று இருக்கிறது. காலை வணக்கமும் பூப்படமும் தவிர அதில் எதுவும் வந்ததில்லை. அதில் பேசிப் போட்டேன்: "எல்லாரும் உங்க பிள்ளை போனுக்கு இப்பவே அடிங்க. யாரும் வைக்காதீங்க. கட்டாகிட்டா திரும்ப அடிங்க. அக்கா எந்திரிக்கல."

நானும் அடித்துக்கொண்டே ஃபெரிக்கு ஓடினேன். அங்கே நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். டின்னுக்குள் இருந்த எல்லாப் போனும் ஒன்றாக அலறியிருக்கின்றன. சினிமாப் பாட்டு, நாய்க்குட்டி குரைப்பு, சாமி பாட்டு, ஒரு பையன் வைத்திருந்த ஆம்புலன்ஸ் சத்தம். பக்கத்தில் பசம்பூர் பலகாரக் கடை வைத்திருக்கும் பாய், சண்டை போடுவதற்காகவே கரண்டியோடு வந்திருக்கிறார். டின்னைத் திறந்து கையில் அகப்பட்ட போனை எடுத்தார். அது யாழினியுடையது.

"யாரும்மா இது? இந்த அக்காவுக்கு ஒடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது. பேச்சு கொளறுது."

"பாய், அவங்களுக்கு சுகர் இருக்கு, எறங்கிருச்சு போல! முழுங்க முடியுதான்னு பாருங்க, முடிஞ்சா இனிப்பா ஏதாவது குடுங்க. ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க!"

பாய் தன் கடை ரோஸ் சிராப்பைத் தண்ணீர்கூடக் கலக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

சாயங்காலம் யாழினியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் ஊசி செருகிப் படுத்திருந்தார். "பிள்ளைங்கல்லாம் வீடு போயாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. போய்விட்டார்கள் என்றேன்.

"ஆடி வெள்ளின்னு விரதம் இருந்தேன் மாலா. சாப்பாட நிறுத்துனேன், மாத்திரைய நிறுத்த மறந்துட்டேன். கண்ணத் தொறந்தா ஒரே பாட்டும் கூத்துமா இருக்கு. சரி, செத்துட்டோம், மேல நம்மள வரவேற்கிறாங்கன்னு நெனச்சேன். பாத்தா பாய் கரண்டியோட நிக்கிறாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. யாழினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் பார்த்துக் கேட்டார்: "அடுத்த வருஷம் இவ பெரிய ஸ்கூலுக்குப் போயிருவால்ல? வேனுக்கு வரமாட்டா. அப்ப அந்தப் புள்ளியும் என்கூட வராது, இல்ல?"

நாள் முழுக்க வாய் ஓயாத மனுஷி அதைச் சொன்ன குரல் பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்டிருக்காது.

அடுத்த வாரம் அவரைப் போன் கடைக்கு அழைத்துப் போனோம். அதுவரை அவர் கையில் இருந்தது பட்டன் போன்தான். எங்களைக் கண்டதும் கடைக்காரப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் மரியாதையாக, "ஆன்ட்டிக்கு எத்தன கேமரா வேணும்? சார்ஜ் எவ்ளோ நேரம் நிக்கணும்?" என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் எனக்கெதுக்கும்மா? நான் எங்க இருக்கேன்னு இவங்களுக்குத் தெரியுமா? அத மட்டும் சொல்லு."

இப்போது யாழினி இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். பஸ்ஸில் போய் வருகிறாள். பெரிய பிள்ளையாகிவிட்டேன், என்னைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள் என்கிறாள். நியாயம்தான், குறைத்துக்கொண்டு வருகிறேன். ஆனால் காலையில் ஃபெரி கிளம்பியதும் போனைத் திறக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. ஹாரன் அக்கா ஜெலுத்தோங் பசாரில் இருக்கிறார். மீன் கடைப் பக்கம் கொஞ்சம் நிற்கிறார், அப்புறம் காய்கறிப் பக்கம் நகர்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அன்றைய நாள் ஆரம்பிக்கிறது.