தாரேக் அண்ணனும் பசையில்லாத பொட்டலமும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் மூடிக் கிடந்த எதையும் சும்மா விட்டதில்லை என்று சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் தாரேக் அண்ணன்தான். தாரேக் என்றால் மலாய் மொழியில் இழு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவரைத் தேத்தண்ணீர் இழுத்து ஆற்றுகிறவர் என்று நினைத்து ஒரு கிளாஸ் கேட்பார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்டவருடைய சட்டைப் பொத்தானை ஓர் இழு இழுத்துப் பார்த்துவிட்டு, லூசாக இருக்கிறது, தைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

ரந்தாவுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது எங்கள் காகிதப் பொட்டலத் தொழிற்சாலை. நான் அங்கே கிராணி. அதாவது மேசை, டெலிபோன், லீவு கேட்டு நிரப்புகிற பாரம், ஊரார் புகார் எல்லாம் என் தலையில். தேத்தூள், முறுக்கு, அரிசி மாவு போடுகிற பொட்டலங்கள் செய்வோம். ஒட்டு நிற்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது அண்ணனுடைய வேலை. வேலை என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன், அது வியாதி.

கிளினிக்கில் ஊசி போட்ட இடத்தில் நர்ஸ் ஒட்டிய பிளாஸ்டரை அங்கேயே இழுத்துப் பார்த்து, பிய்ந்து வந்ததும் அவளிடமே நீட்டியவர் அவர். தங்கச்சி மகள் கல்யாணத்தில் கெட்டிமேளம் அடங்குவதற்குள் மாப்பிள்ளையின் காதருகே போய், மூன்று முடிச்சும் நன்றாக இறுகியதா என்று கேட்டாராம். அந்தப் பையன் பயந்துபோய் நாலாவதாக ஒன்று போட்டுவிட்டான் என்று கேள்வி. ஒருமுறை ஓடுகிற லோரியில் கதவு சாத்தியிருக்கிறதா என்று இழுத்தார். சாத்தியிருக்கவில்லை. டிரைவர் காலரைப் பிடித்து உள்ளே இழுத்ததால்தான் இன்றைக்கு அவரைப் பற்றி நான் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன்.

இப்படிப்பட்டவரின் முன்னால்தான் தவுக்கே ஒரு புது மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். தவுக்கே எங்கள் சீன முதலாளி. ஒரு தேயிலைக் கம்பெனி, பிளாஸ்டிக்கும் கூடாது, பசையும் கூடாது, வெறும் காகிதமாகவே பொட்டலம் வேண்டும் என்று கேட்டிருந்தது. மெஷின் ஒரு மாதத்துக்குப் பரீட்சையாக வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கம்பெனி அம்மா நேரில் வந்து பார்ப்பார். பிடித்தால் ஆர்டர். பிடிக்காவிட்டால் மெஷின் திரும்பிப் போகும், எங்கள் கதவும் சாத்தப்படும், ஏனென்றால் பசைப் பொட்டலத்தை வாங்க அப்போது ஆள் இல்லை. மெஷின் பக்கம் ஏழு பெண்கள், அண்ணன், நான். ஒன்பது பேரின் சோறு அந்த ஒரு காலையில் தொங்கியது.

மெஷினோடு பினாங்கிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தார், மலாய்க்காரர், நிதானமான மனுஷன். காகிதத்தின் வாயில் லேசாக ஈரம் காட்டி, இரண்டு இரும்புப் பட்டைகள் அழுத்தும். அதில் ஒரு பட்டை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதிரும். அந்த அதிர்வில் காகிதத்தின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், அவ்வளவுதான் என்று விளக்கினார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"பசை இல்ல, பிளாஸ்டிக் இல்ல. அப்ப எத நம்பி தங்கச்சி அது மூடிக்கிட்டு நிக்குது?"

அதை மெஷினிடமே கேளுங்கள் அண்ணே, எனக்கு லீவு பாரம் கிடக்கிறது என்று அனுப்பிவிட்டேன். அவர் இழுத்துப் பார்த்தார். காகிதம் கிழிந்தது, ஒட்டு விடவில்லை. நாள் முழுக்க இழுத்தார். ஒன்றுகூட விடவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் நல்ல நேரம் பார்த்து மெஷினுக்குப் பூசை போட்டோம். புது மோட்டார் வாங்கினால் பூசை, புது மண்வெட்டிக்குக்கூடப் பூசை, பிறகு இதை மட்டும் எப்படி விடுவது? எலுமிச்சம்பழம், சூடம், சந்தனம், குங்குமம். தவுக்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். பொட்டு வைக்கிற பொறுப்பை அண்ணன் எடுத்துக்கொண்டார். அதோடு நிற்காமல், மறுநாளிலிருந்து தினமும் காலையில் மெஷின் சுவிட்சைத் தட்டுவதற்கு முன்னால் புதுப் பொட்டு வைக்கவும் ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் தடவையாகப் பொட்டலம் வாயைத் திறந்தது. ஒன்று இரண்டல்ல, வரிசையாக. அண்ணன் தொட்டதும் நடுவில் ஒரே இடத்தில் விட்டுவிட்டது. டெக்னீஷியன் சிரம்பான் ஹோட்டலிலிருந்து மத்தியானம் வந்து சேர்ந்தபோது எல்லாம் கெட்டியாக நின்றன. புதன்கிழமையும் அதே கூத்து. காலையில் வாயைப் பிளக்கும், பத்து மணிக்கு மேல் சமர்த்தாகிவிடும். காலைப் பனியில் காகிதம் நமுத்துப் போகிறது என்றார் தவுக்கே. கண் பட்டுவிட்டது என்றார்கள் பெண்கள். வியாழக்கிழமை டெக்னீஷியன் காலையில் அண்ணன் பொட்டு வைத்து முடித்ததுமே வந்து ஒவ்வோர் ஆணியையும் துடைத்துத் திருகி மாட்டினார். அப்படியும் பொட்டலம் வாயைத் திறந்தது. அவரும் தலையில் கைவைத்துவிட்டார்.

அந்த ஒரு நாளில் எங்கள் முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். மெஷின் பக்கம் வேலை செய்கிற லட்சுமி அக்கா தன் மகளுக்குக் காலேஜ் கிடைத்த சேதியை என்னைத் தவிர யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தாண்டட்டும், பிறகு சந்தோஷப்படுகிறேன் என்றார். அண்ணனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. பொட்டு வைத்தாகிவிட்டது. எட்டரைக்கு எடுத்த முதல் இருபது பொட்டலமும் வாயைத் திறந்தன. கம்பெனி அம்மாவின் கார் லிங்கி ரோட்டிலிருந்து திரும்பிவிட்டது என்று தவுக்கே போனைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அண்ணன் கடைசியாக வாய் திறந்த பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோனார். இன்னொன்றை எடுத்தார், அதையும் மோந்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, சந்தனம் மணக்குது."

விஷயம் இதுதான். எங்கேயோ மூலையில் வைத்தால் சாமிக்குத் தெரியாது என்று, வேலை செய்கிற இரும்புப் பட்டையின் நடுவிலேயே இந்த மனுஷன் பொட்டு வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். காய்ந்த சந்தனம் காகிதக் கனம்தான். ஆனால் அந்தக் கனம் போதும், பட்டையின் அதிர்வை அது வாங்கிக்கொண்டது, அங்கே நார்கள் பின்னவில்லை. பத்து மணிக்குள் தேய்ந்து போய்விடும், எல்லாம் சரியாகிவிடும். டெக்னீஷியன் மெஷின் முழுக்கத் துடைத்தவர்தான், அந்தப் பொட்டைச் சுற்றித்தான் துடைத்திருக்கிறார். இவ்வளவு மெல்லிய பொட்டு என்ன செய்துவிடும், உங்கள் சாமி விஷயம், நான் தொடுவது மரியாதையா என்று நினைத்தாராம். தொட்டால் தப்பில்லை என்று எங்களில் ஒருத்தராவது அவர் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்.

அழித்துவிடுங்கள் அண்ணே என்றேன். பெண்கள் ஏழு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். நல்ல காரியம் நடக்கிற நாளில், ஆள் வாசலுக்கு வரும் நேரத்தில் பொட்டை அழிப்பதா? அழித்தவர் விளங்குவாரா? அண்ணன் அவர்களையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெஷினுக்கு ஒரு கும்பிடு போட்டு, கண்ணை மூடி, என்னவோ முணுமுணுத்துக்கொண்டே ஈரத் துணியால் பொட்டைத் துடைத்தார். துணியில் வந்த சந்தனத்தைக் கீழே போட மனம் வராமல் அப்படியே தன் நெற்றியில் பூசிக்கொண்டார்.

கம்பெனி அம்மா உள்ளே வந்ததும், நெற்றி முழுக்க மஞ்சளாக நின்ற அண்ணனைக் கோயில் ஐயர் என்று நினைத்துக் கும்பிட்டார். பிறகு மெஷினிலிருந்து சுடச்சுட வந்த பொட்டலத்தை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தார். காகிதம் குறுக்கே கிழிந்தது. ஒட்டு அசையவில்லை. பத்து பொட்டலம் இழுத்துவிட்டு, ஓகே லா என்றார். லட்சுமி அக்கா அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். ஆர்டர் எங்களுக்கே கிடைத்தது.

சாயங்காலம் எல்லோரும் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் மட்டும் என் மேசைப் பக்கம் வந்து நின்றார். அப்படி என்ன முணுமுணுத்தீர்கள் என்று கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பொட்ட அழிச்சவன் நாந்தான், இந்தப் புள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது, எது வந்தாலும் எனக்கே வரட்டும்னு சொல்லிட்டேன் தங்கச்சி."

சொல்லிவிட்டு, ஏதோ லீவு கேட்டவர் மாதிரி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அதுவரை அவருடைய பயத்தைப் பார்த்துச் சிரித்தே பழகிய எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி ஒன்றும் வராது என்று எனக்குத் தெரியும், நான் படித்தவள். இருந்தாலும் அன்றிலிருந்து, அந்த வேலையை விட்டு நான் சிரம்பானுக்கு வந்துவிட்ட பிறகும், சாயங்காலம் ஆறரை ஆனால் போனை எடுத்துவிடுகிறேன்: "வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாச்சா அண்ணே?"